வாட்டர் ஹீட்டர் ராடும் ஓம் விதியும்

1500 வாட், 230 வோல்ட் என்று அச்சிட்ட ராடை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் கரண்ட் 6.5 ஆம்பியர்; இதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டவே கூடாது, 16 ஆம்பியர்தான். ஓம் விதிப்படி, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை சுமார் 35.3 ஓம். பிளக்கை சாக்கெட்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து எர்த் பின்னை விட்டு மற்ற இரண்டு பின்களுக்கிடையே அளந்தாலும் ஏறக்குறைய அதுவே வரும். 'ஓ.எல்.' (மீட்டரின் அளவெல்லையைத் தாண்டிவிட்டது) என்று காட்டினால் காயிலோ ஒயரோ அறுந்திருக்கிறது.

லைனில் 180 வோல்ட்தான் வந்தால்? வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கித் தடையால் வகுத்தால் வாட்: 180 × 180 ÷ 35.3 = 918 வாட். வோல்டேஜ் 22 சதவீதம் குறைய, சூடு 39 சதவீதம் குறைகிறது. தண்ணீர் கொதிக்கத் தாமதமாவது இதனால்தான், ராடில் கோளாறு இல்லை.

குண்டு பல்பில் மீட்டரை நம்பாதீர்கள். 230 வோல்ட், 60 வாட் பல்புக்குக் கணக்கில் 882 ஓம். அணைந்திருக்கும்போது அளந்தால் பத்தில் ஒரு பங்குகூட வராது. டங்ஸ்டன் இழை சூடேறினால்தான் தடை ஏறும்.