தட்டு வைத்தால் மின்சாரம் கூடுமா: 13.56 மெகாஹெர்ட்ஸ் நாட்குறிப்பு

மார்ச் 4

கம்பியில்லாமல் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் அனுப்பும்போது, நடுவில் ஒரு தட்டு வைத்தால் கூடுதலாகப் போய்ச் சேருமா என்பதே கேள்வி. முதலில் கணக்கு. இரண்டு சுருள்களுக்கு நடுவே எவ்வளவு மின்சாரம் போய்ச் சேரும் என்பதை ஒரே எண் தீர்மானிக்கிறது: பிணைப்புக் கெழு 'கே' (ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதை எவ்வளவு எட்டுகிறது என்பது), பெருக்கல் சுருள்களின் தரக்காரணி 'கியூ' (இழப்பு குறையக் குறைய இது கூடும்). கே 0.01, இரு சுருளுக்கும் கியூ 200 என்றால் பெருக்கல் 2. எட்டக்கூடிய உச்ச செயல்திறன் 38 சதவீதம். நடுவில் நிற்கும் மெட்டாமெட்டீரியல் தட்டு (ஒரே மாதிரியான சிறு சுருள்-கெபாசிட்டர் கட்டங்களை வரிசையாக அடுக்கியது) கே-யை இருமடங்காக்கினால் அது 61 ஆகும். அதே தட்டு தன் இழப்பால் கியூ-வை 100-க்கு இறக்கிவிட்டால் பழையபடி 38-தான். ஆகவே இங்கே எழுதப்போவது எல்லாம் இழப்பைப் பற்றியே.

மார்ச் 5

அலைநீளம் 22 மீட்டர், தட்டின் ஒரு கட்டமோ 60 மி.மீ. இவ்வளவு சிறிய அளவில் காந்தப்புலமும் மின்புலமும் ஏறக்குறைய தனித்தனியே நடக்கின்றன. காந்த உட்புகுதிறன் (காந்தப்புலத்துக்குத் தட்டு எப்படிப் பதில் தருகிறது என்பதன் அளவு) மட்டும் எதிர்மறையானால் போதும். வெள்ளிப் படலத்தில் மின்புலத்துக்கு இயற்பியலாளர் ஜான் பெண்ட்ரி 2000-ல் காட்டிய வழியின் காந்த வடிவம் இது.

கட்டத்தின் அளவு: வெளிப்பக்கம் 60 மி.மீ., 4 சுற்றுச் சதுரச் சுருள், தடம் 2 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. கணக்கில் 1.43 மைக்ரோஹென்றி. 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் சேர்த்தால் ஒத்ததிர்வு (கட்டம் தானாகவே அதிரும் அதிர்வெண்) ஏறக்குறைய 13.33 மெகாஹெர்ட்ஸ். எதிர்மறைப் பகுதி ஒத்ததிர்வுக்குச் சற்று மேலேதான் பிறக்கிறது. அதனால் ஒத்ததிர்வை இயங்கும் அதிர்வெண்ணான 13.56-க்குக் கீழே நிறுத்துவது வேண்டுமென்றே செய்வது. ஒத்ததிர்வின் உச்சியிலேயே இயக்கினால் தட்டு வெறும் ஹீட்டர்.

மார்ச் 9

கெபாசிட்டர். இதில் சிக்கனம் வேண்டாம். மதிப்பு 5 சதவீதம் வரை பிசகக்கூடிய வகையில் ஒவ்வொரு கட்டத்தின் ஒத்ததிர்வும் 330 கிலோஹெர்ட்ஸ் வரை விலகலாம். நாம் ஒதுக்கிய இடமோ 230 கிலோஹெர்ட்ஸ்தான். சில கட்டங்கள் எதிர்மறையிலும் சில நேர்மறையிலும் நின்றால் தட்டு என்று ஒன்று இல்லவே இல்லை. 1 சதவீத என்பி0 வகையே (இழப்பு குறைந்த செராமிக் கெபாசிட்டர்) எடுக்கவும். மலிவான எக்ஸ்7ஆர் செராமிக் வகையின் இழப்பு கியூ-வைப் பல மடங்கு தின்றுவிடும். கட்டத்தில் 2 ஆம்பியர் (ஆர்எம்எஸ், அதாவது பயனுறு மதிப்பு) ஓடினால் கெபாசிட்டரின் குறுக்கே உச்சம் ஏறக்குறைய 332 வோல்ட். 500 வோல்ட் தாங்குவது வேண்டும்.

செம்பு 35 மைக்ரான் போதும், தோல் ஆழம் (இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து இறங்கும் ஆழம்) 18 மைக்ரான்தான். தடத்தின் மேல் ஈயம் பூச வேண்டாம். மின்னோட்டம் மேற்பரப்பில்தான் ஓடுகிறது, ஈயமோ செம்பைவிட மோசமான கடத்தி.

மார்ச் 12

ஒற்றைக் கட்டத்தை அளக்க, வெக்டர் நெட்வொர்க் அனலைசரில் (அதிர்வெண்ணை மாற்றி மாற்றி, எவ்வளவு சைகை கடக்கிறது என்று அளக்கும் கருவி) ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சிறு வளையங்கள். எஸ்21-ன் (ஒரு வளையத்திலிருந்து மற்றதுக்குக் கடக்கும் சைகை) உச்சி −40 டெசிபெலுக்குக் கீழே இருக்கும்படி தள்ளிப் பிடிக்கவும். நெருங்கிப் பிடித்தால் வளையமே கியூ-வைக் குறைத்துக் காட்டும்.

மார்ச் 15

6×6 அடுக்கு, 65 மி.மீ. இடைவெளியில். எதிர்பார்த்தபடியே ஒத்ததிர்வு மேலே ஏறிவிட்டது. ஒரே தளத்தில் அடுத்தடுத்த சுருள்களின் பரஸ்பரத் தூண்டல் எதிர்க்குறியுடையது; கட்டங்கள் சேர்ந்து துடிக்கும்போது பயனுறு தூண்டல் குறைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டாவது கெபாசிட்டருக்கான இடம் விட்டது இதற்காகத்தான். 5 முதல் 15 பிகோஃபாரட் வரை எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே அளவில் கூட்டி, மொத்த அடுக்கை அளந்தே நிறுத்த வேண்டும். ஒற்றைக் கட்டத்தின் எண்ணை நம்பி முடிவு செய்யக் கூடாது.

மார்ச் 16

தட்டை வைத்ததும் அனுப்பும் சுருளின் ஒத்ததிர்வும் நகர்கிறது. இருபுறமும் மறுபடி சுருதி சேர்க்காமல் அளந்தால் நல்ல தட்டுகூடத் தோற்றுப்போகும்.

மார்ச் 20

ஒப்பீடு. தட்டுடன், தட்டில்லாமல் என்ற இரண்டு அளவு போதாது. தட்டு நின்ற அதே இடத்தில், அதே பரப்புள்ள ஒற்றை ஒத்ததிர்வுச் சுருளை வைத்து மூன்றாவது அளவும் எடுக்க வேண்டும். நடுவில் நிற்கும் சாதாரணச் சுருளும் அஞ்சல்காரனாக வேலை செய்து கே-யை உயர்த்தும். தட்டு அதை வென்றால்தான் 36 கட்டங்களுக்கு அர்த்தம். மூன்று அளவையும் தூரத்தை 5 செ.மீ. படியாக மாற்றி, பெறும் சுருளைப் பக்கவாட்டில் நகர்த்தியும் எடுக்கவும்.