வேகாஸில் வீடு, வீடு நிறைய விருந்தாளிகள்

லாஸ் வேகாஸில் குடியேறிய எவருக்கும் விருந்தாளிகளுக்குப் பஞ்சம் இருக்காது. நியூஜெர்சியில் நாங்கள் இருந்தவரை எட்டிப் பார்க்காத உறவினர்கள்கூட, மனைவிக்கு இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்து இந்தப் பாலைவன ஊருக்கு மாறியதும், நீண்ட வார இறுதி எப்போது வருகிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வந்த புதிதில் அவர்களைப் போலவே நாங்களும் எல்லாவற்றுக்கும் சுற்றுலாப் பயணியின் விலையைத்தான் கொடுத்தோம். இந்த ஊரில் வந்துபோகிறவர்களுக்கு ஒரு விலையும் குடியிருப்பவர்களுக்கு ஒரு விலையும் உண்டு என்பதும், இரண்டாவது விலை நடக்கும் இடங்களுக்கு வெளியூர்க்காரர்களும் தாராளமாகப் போய்வரலாம் என்பதும் போகப்போகத்தான் புரிந்தது.

படங்களில் பார்க்கும் வேகாஸ் என்பது பெரும்பாலும் ஸ்டிரிப் எனப்படும் நாலு மைல் சாலைதான். அதன் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகராட்சி எல்லைக்குள்ளேயே வராது. பாரடைஸ் என்ற, தனக்கென நகராட்சி இல்லாத பகுதியில் கிளார்க் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. 1905இல் ரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டு உருவாக்கிய அசல் ஊர் வடக்கே ஃபிரீமான்ட் தெருவைச் சுற்றி இருக்கிறது. ஸ்டிரிப்பில் இரவும் பகலும் ஓடும் டியூஸ் என்னும் மாடிப் பேருந்தில் ஒரு நாள் சீட்டு எடுத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாம். சொந்தக் காரில் போனால் பெரும்பாலான பெரிய விடுதிகள் வண்டி நிறுத்தவே கட்டணம் வாங்குகின்றன. இந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்தின் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அவற்றில் பல முதல் மூன்று மணி நேரத்தை இலவசமாக விடுகின்றன. உரிமத்தை மாற்றிக்கொண்டதில் எங்களுக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

பார்ப்பதற்குப் பணமே தேவையில்லை என்பதுதான் இந்த ஊரின் விசித்திரம். பெலாஜியோ விடுதியின் முன்னால் எட்டு ஏக்கர் ஏரியில் 1998 முதல் இசைக்கேற்ப ஆடிக்கொண்டிருக்கும் நீரூற்றுகளை நடைபாதையில் நின்றே பார்க்கலாம். இரவில் கால் மணிக்கொரு முறை நடக்கிறது. அதே விடுதிக்குள் இருக்கும் மலர்ச்சோலையைப் பருவத்துக்குப் பருவம் மாற்றி அமைக்கிறார்கள். பிளமிங்கோ விடுதியின் பின்கட்டில் உண்மையான பூநாரைகளே நிற்கின்றன. ஃபிரீமான்ட் தெருவின் மேல் 1995இல் போட்ட வளைகூரை முழுக்க ஒளித்திரையாகிவிட்டதால், கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். இத்தனைக்கும் காசு கிடையாது.

ஆனால் இலவசத்துக்குப் போகும் வழி கேசினோ எனப்படும் சூதாட்டக் கூடத்தின் வழியாகத்தான் போகிறது. மலர்ச்சோலைக்கோ உணவகத்துக்கோ கழிப்பறைக்கோ, எங்கே போவதென்றாலும் இயந்திரங்களின் நடுவே வளைந்து வளைந்துதான் போக வேண்டும். நேர்ப்பாதையும் இருக்காது, சுவரில் கடிகாரமும் இருக்காது. சிகரெட் புகையை மறைக்க ஏதோ ஒரு வாசனையைக் காற்றுப்போக்கியில் கலந்துவிடுகிறார்கள்; இரண்டும் சேர்ந்து புடவையில் ஏறிக்கொண்டால் வீட்டுக்கு வந்து துவைத்தால்தான் போகும் என்று என் மாமியார் அலுத்துக்கொண்டார். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் அந்தத் தளத்தைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது. எட்டு வயதுப் பேத்தி ஓர் இயந்திரத்தின் வண்ண விளக்கில் மயங்கி அரை நிமிடம் நின்றதற்கே காவலர் ஒருவர் வந்து, மரியாதையாகத்தான், நகரச் சொன்னார்.

சாப்பாட்டு விஷயம்தான் வந்தவர்கள் பலருக்கும் ஏமாற்றம். வேகாஸ் என்றால் மலிவு விலை பஃபே என்ற நினைப்பு ஊரெங்கும் இன்னும் இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. 1941இல் ஸ்டிரிப்பின் முதல் விடுதியாகத் திறந்த எல் ராஞ்சோ வேகாஸ், ஒரு டாலருக்கு விரும்பியதைச் சாப்பிடலாம் என்று பரப்பி வைத்தது, சூதாட வந்தவர் பசிக்கு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. சாப்பாட்டில் விட்டதைச் சூதாட்ட மேசையில் பிடித்துவிடலாம் என்ற கணக்கு பல பத்தாண்டுகள் நடந்தது. இப்போது கணக்கு தலைகீழ். கால் நூற்றாண்டாகவே ஸ்டிரிப்பில் சூதாட்டத்தைவிட அறை, உணவு, நிகழ்ச்சிகள் ஆகியவற்றின் மொத்த வருமானம்தான் அதிகம் என்பதால், உணவு தூண்டிலாக இருந்த நிலை மாறி, தானே சரக்காகிவிட்டது. 2020 பெருந்தொற்றில் மூடிய பஃபேக்களில் பல திரும்பத் திறக்கவே இல்லை. மிஞ்சியவற்றில் ஆளுக்குக் கொடுக்கும் தொகையில் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம். பட்டியலில் போட்ட விலையோடும் முடியாது: விற்பனை வரி எட்டு விழுக்காட்டுக்கு மேல், பரிமாறுபவருக்கு அன்பளிப்பு பதினெட்டோ இருபதோ விழுக்காடு, சில இடங்களில் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு கட்டணம். அறை வாடகையிலும் இதே கதைதான். வாடகை மலிவாக இருக்கும் அறைக்கும் இரவொன்றுக்கு ரிசார்ட் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையைச் சேர்ப்பதால், சில வார நாள்களில் அது வாடகையையே மிஞ்சிவிடுகிறது.

தூண்டில் இன்னமும் தேவைப்படும் இடங்கள் உண்டு. ஊர்மக்கள் குடியிருக்கும் பகுதிகளில் திரையரங்கு, பௌலிங் எல்லாம் சேர்ந்த கேசினோக்கள் இருக்கின்றன; அவை உள்ளூர்க்காரர்களை நம்பியே பிழைப்பதால் வண்டி நிறுத்தம் இலவசம், காபிக் கடையில் காலைச் சாப்பாடு நியாய விலை. ஸ்டிரிப்புக்குத் தெற்கே உள்ள சவுத் பாயிண்ட் இன்னும் பஃபே நடத்துகிறது. அங்கே இயந்திரத்தில் ஒரு பைசா போடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவதில் என் மாமனாருக்குத் தனித் திருப்தி.

எங்கள் வீட்டுக்கு வருபவர்களை நான் அதிகம் அழைத்துப்போவது ஸ்பிரிங் மவுண்டன் சாலைக்கு. ஸ்டிரிப்பிலிருந்து காரில் பத்து நிமிடத்தில், 1995இல் கட்டிய சைனாடவுன் பிளாசாவில் தொடங்கி மேற்கே மைல்கணக்கில் வியட்நாமிய, கொரிய, சீன, தாய்லாந்துக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. கேசினோக்களில் வேலை முடித்து வருபவர்கள் சாப்பிடும் இடம் என்பதால் நள்ளிரவுக்குப் பிறகும் பல கடைகளில் கூட்டம் குறையாது. ஆவி பறக்கும் ஒரு கிண்ணம் ஃபோ என்னும் வியட்நாமிய நூடுல்ஸ் சூப், பக்கத்தில் தனித் தட்டில் துளசியும் முளைகட்டிய பயறும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும்: ஒருவர் வயிறு நிறையும், இருவர் பகிர்ந்துகொண்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சைவர்கள் மட்டும் விசாரிக்க வேண்டும். காய்கறி ஃபோ என்றாலும் சாறு மாட்டெலும்பில் கொதித்ததாக இருக்கலாம், தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு கேட்காமலேயே விழும், மெக்சிகோக் கடைகளில் பருப்பைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவதும் உண்டு. மாமியார் ஊரில் இருந்த நாள்களில் பையில் புளியோதரை இல்லாமல் நாங்கள் கிளம்பியதில்லை.

ஊருக்கு வெளியே போனால் செலவு இன்னும் குறைகிறது. ரெட் ராக் பள்ளத்தாக்கில் காருக்குத்தான் கட்டணம், ஆளுக்கில்லை. செம்பாறைகளுக்கு நடுவே பதின்மூன்று மைல் ஒருவழிச் சாலை. அக்டோபர் முதல் மே வரை நேரத்தை முன்பதிவு செய்துகொண்டே போக வேண்டும். ஹூவர் அணையின் மேல் நடந்து போக எதுவும் கேட்பதில்லை. பொதுப்பணித் துறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற என் மாமனார் சேலத்துக்காரர், 726 அடி உயர அணையின் விளிம்பில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை, தண்ணி இப்ப எத்தனை அடி நிக்குது?" என்பதுதான். மேட்டூர் நீர்மட்டத்தை நாள்தோறும் செய்தித்தாளில் பார்த்து வளர்ந்தவருக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்! 1934இல் முடிந்த மேட்டூரும் 1936இல் முடிந்த ஹூவரும் ஒரே காலத்துப் பிள்ளைகள் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர், அந்த அணை தேக்கி வைத்திருக்கும் மீட் ஏரியின் கரைப்பாறைகளில் தண்ணீர் இறங்கி இறங்கி விட்டுச்சென்ற வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். 2022 கோடையில் ஏரி, நிரம்பத் தொடங்கிய 1930களுக்குப் பிறகு கண்டிராத அளவுக்கு வற்றியிருந்தது. ஊருக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கு இங்கிருந்து போவதால்தான் எங்கள் வீட்டு வாசலில் புல்லுக்குப் பதில் கூழாங்கல் கிடக்கிறது என்பதை அதற்குப் பிறகு நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்பவர்களிடம் ஜூலை, ஆகஸ்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலையில் இங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்தது. அந்த வெயிலில் பக்கத்து விடுதிவரை நடப்பதே பெரும்பாடு. மார்ச், ஏப்ரல், அக்டோபர் நல்லவை. நவம்பரில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வாரத்தை விட்டுவிட்டு, ஞாயிறு முதல் வியாழன் வரை தங்குவதாகத் திட்டமிட்டால் அறை வாடகை பாதியாகவும் குறையலாம். எங்கள் வீட்டுக் கூடம் காலியாக இருந்தால் அதுவும் தேவையில்லை.