மபூஸே 'அவனா', 'அவரா'? ஒரு சப்டைட்டில் வேலை

மூன்றாவது முறையாகப் படத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். வேலை இன்னும் முடியவில்லை. மறந்துபோவதற்குள் இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

படம், ஃப்ரிட்ஸ் லாங் ஜெர்மன் மொழியில் எடுத்த 'டாக்டர் மபூஸேயின் உயில்', 1933. அவரே 1922-இல் எடுத்த இரண்டு பாக மௌனப் படத்தின் தொடர்ச்சி. அதில் சூதாட்டம், பங்குச் சந்தை மோசடி என்று ஆட்டம் போட்ட மபூஸே கடைசியில் புத்தி பேதலித்துப் பிடிபடுகிறான். இதில் மனநல மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து காகிதம் காகிதமாகக் குற்றத் திட்டங்களைக் கிறுக்கித் தள்ளுகிறான். வெளியே அதே திட்டப்படி கொள்ளை நடக்கிறது. அம்மாவுக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். ஆனால் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். சரி, தமிழில் நாமே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு வருடம் வகுப்புக்குப் போய்க் கற்ற ஜெர்மன் கையில் இருந்தது. தைரியம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

முதல் பத்து நிமிடத்தை முடித்ததும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கள்ளநோட்டு அடிக்கும் இடம். இயந்திரம் தடதடவென்று அதிர்கிறது, ஒருவன் பயந்துபோய் ஒளிந்திருக்கிறான், ஆட்கள் வந்து போகிறார்கள். "பேசறாங்களே, எழுத்து ஒண்ணும் வரலையே, நின்னுபோச்சா?" என்றார் அம்மா. நிற்கவில்லை. அந்த இரைச்சலில் பேச்சு யாருக்கும் கேட்காது, கேட்கக் கூடாது என்றுதான் அப்படி எடுத்திருக்கிறார்கள். பேசும் படம் வந்து சில வருடங்களே ஆன காலத்தில், பேச்சே இல்லாமல் சத்தத்தை மட்டும் வைத்து ஒரு படத்தைத் தொடங்கத் துணிச்சல் வேண்டும். அங்கே "(இயந்திரச் சத்தம்)" என்று ஒரு வரி போட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்திலேயே நான் கரி பூசிக்கொண்ட மாதிரி இருந்ததால் அழித்துவிட்டேன்.

படத்தில் வரும் டாக்டர் க்ராமின் கொலையும் அப்படித்தான். சிக்னலில் கார்கள் நிற்கின்றன. ஒருவர் ஹாரன் அடிக்க, எல்லாரும் விளையாட்டாகச் சேர்ந்து அடிக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம் அதில் கரைந்துபோகிறது. விளக்கு மாறியதும் மற்ற கார்கள் கிளம்ப, ஒன்று மட்டும் நகராமல் நிற்கிறது. இந்த இடத்தில் என் வேலை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

தொழில்நுட்பத் தொல்லை ஒன்று. நான் பயன்படுத்தும் மென்பொருள், வரியில் எத்தனை எழுத்து என்று எண்ணி, படிக்க நேரம் போதாது என்றால் சிவப்பாகக் காட்டும். ஆனால் 'தி' அதற்கு இரண்டு எழுத்து, 'க்' இரண்டு எழுத்து. பாதிப் படம் சிவப்பாகவே இருந்தது. ஒரு நாள் முழுக்க நல்ல வரிகளை வெட்டிச் சுருக்கிய பிறகுதான் இது உறைத்தது. வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினேன். இப்போது வாய்விட்டுப் படித்துப் பார்த்து நேரம் வைக்கிறேன்.

துப்பறிபவர் லோமான். ஜெர்மனில் அவர் பதவி 'கொமிசார்'. முதலில் 'கமிஷனர்' என்று போட்டுவிட்டேன். நம் ஊரில் கமிஷனர் என்றால் நகரப் போலீசுக்கே தலைவர், இந்த மனிதரைப் போலத் தானே இறங்கி அலையமாட்டார். இன்ஸ்பெக்டர் ஆக்கினேன். லஞ்சத்தால் வேலை இழந்த பழைய போலீஸ்காரன் ஹோஃப்மைஸ்டர் அவரிடம் போனில் கெஞ்சும்போது 'ஐயா' தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த போன் பேச்சின் நடுவில்தான் அவனுக்குப் பித்துப் பிடிக்கிறது. அப்புறம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பான். 'குளோரியா, குளோரியா, அழகிகள் ஊர் பட்டேவியா' என்று முடித்தேன். பட்டேவியா இன்றைய ஜகார்த்தா. மணிமேகலையில் வரும் சாவகத்தைக் கொண்டுவரலாமா என்று ஆசை வந்தது. இயைபு போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன்.

என்னை நிஜமாகவே உட்காரவைத்தது மபூஸேதான். 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல். மருத்துவமனைத் தலைவர் பௌம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது மபூஸேயைப் பற்றிப் பேசுகிறார். அங்கேயே 'அவர்' என்று போட்டால், பௌமின் மனதில் என்ன இருக்கிறது என்பதை நான் முன்கூட்டியே போட்டு உடைத்த மாதிரி. 'அவன்' என்றால் டாக்டர் பேசுவது போல இல்லை. அந்தப் பேச்சு முழுவதையும் 'இந்த நோயாளி' என்றே ஓட்டினேன். பிறகு பிணவறைக் காட்சி. லோமானுக்கு அங்கே கிடப்பவன் குற்றவாளி, பௌமுக்கு மாமேதை. இங்கே லோமானுக்கு 'அவன்', பௌமுக்கு முதல்முறையாக 'அவர்'. அம்மா டக்கென்று நிமிர்ந்து, "இந்த ஆள்மேல எனக்கு சந்தேகமா இருக்கு" என்றார். இத்தனை நாள் உழைப்புக்கு அது போதும்.

மபூஸேயின் எழுத்தில் திரும்பத் திரும்ப வருவதை 'குற்றத்தின் ஆட்சி' என்று வைத்திருக்கிறேன். 'குற்றவாளிகளின் ஆட்சி' என்றால் வெறும் கும்பல் என்று சுருங்கிவிடும். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி. மார்ச்சில் ஜெர்மன் தணிக்கை படத்தைத் தடை செய்தது. ஏப்ரலில் புடாபெஸ்டில்தான் முதலில் திரையிட்டார்கள்.

கொள்ளைக் கூட்டத்துக்குக் கட்டளையிடும் 'திரைக்குப் பின்னால் இருப்பவர்' மட்டும் சுகமாக அமைந்தது. தமிழில் திரை என்றால் துணித்திரையும் அதுதான், சினிமாத்திரையும் அதுதான். அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இங்கே சொல்லப்போவதில்லை. முகம் தெரியாத குரலுக்குச் சாய்ந்த எழுத்து போடுவது வழக்கம். தமிழ் எழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன், காற்றில் விழுந்த வாழைமரம் மாதிரி இருந்தது. மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவில் ஏற்றி டிவியில் செருகினால், எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. கோப்பை யூனிகோடில் மறுபடி சேமித்தும் பலனில்லை, டிவியிடம் தமிழ் எழுத்துருவே இல்லை. வரிகளைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடலாம் என்று கணினியில் விட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால், கடைசி இருபது நிமிடம் பேச்சுக்கு ஒரு நொடி முன்னாலேயே எழுத்து வருகிறது. "என் பெயர் மபூஸே" என்ற வரி, சொல்பவர் வாயைத் திறக்கும் முன்பே வந்து நிற்கிறது. இந்த வாரம் அந்த இருபது நிமிடம்தான் வேலை. கிளைமாக்ஸ் பார்க்காமல் அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.