பீடி குடிக்காத அம்மாவுக்கு வந்த நுரையீரல் புற்றுநோய்

என் அம்மாவுக்கு இருமல் தொடங்கியது ஐப்பசியில். அது புற்றுநோய் என்று எங்களுக்குத் தெரிந்தது மாசியில். இடையில் போன நான்கு மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கம். அம்மாவுக்கு அப்போது 58 வயது. மழைக்காலச் சளி என்று எண்ணித் தூதுவளை ரசமும் கஷாயமுமாக மூன்று வாரங்களை ஓட்டினோம். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. சளியை இருமுறை பரிசோதித்தும் காசநோய்க் கிருமி தென்படவில்லை. ஆனாலும் நிழல் இருக்கும் இடத்தையும் உடல் மெலிவையும் பார்த்து, அந்த மருத்துவர் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டார். அவரை முழுவதுமாகக் குறை சொல்ல முடியாது. காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல் மடலையே பிடிக்கும். இருமல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பொதுவானவை. நம் ஊரில் காசநோய் அதிகம். ஆனால் கிருமி தென்படாத நிலையில், இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் இருமல் குறையாதபோது, ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்காததற்குக் காரணம் ஒன்றுதான்: அம்மா பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை. நுரையீரல் புற்றுநோய் புகைப்பவர்களின் நோய் என்ற எண்ணம் என் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

தை முடிவில் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே மதுரைக்கு அழைத்துச் சென்றோம். சி.டி. ஸ்கேனில் நான்கு சென்டிமீட்டர் அளவுக் கட்டியும், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதும் தெரிந்தன. அங்கிருந்த நுரையீரல் மருத்துவர் அன்று சொன்ன ஒரு வாக்கியத்தை நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்: "படத்தைப் பார்த்து நான் சந்தேகப்படலாம், சதையைப் பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும்." முதுகுப்புறம் ஊசி போட்டு நீரை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். மறுநாள் சி.டி. வழிகாட்டுதலில் ஊசி செலுத்திக் கட்டியிலிருந்து சிறிது திசுவை ஆய்வுக்கு எடுத்தார்கள். இதுதான் பயாப்ஸி. ஊசி பட்டதால் நுரையீரலில் காற்று கசியக்கூடும் என்பதால், சில மணி நேரம் அசையாமல் படுக்க வைத்து, மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே எழுந்திருக்க விட்டார்கள்.

முடிவு அடினோகார்சினோமா என்று வந்தது. நுரையீரல் புற்றுநோய்களில் சுமார் 85 சதவீதம் 'சிறு செல் அல்லாத' வகை என்றும், அதற்குள் வரும் இந்தப் பிரிவே புகைக்காதவர்களிடம் அதிகம் காணப்படுகிறது என்றும் மருத்துவர் விளக்கினார். எடுத்த நீரிலும் புற்று செல்கள் இருந்ததால் அது நான்காம் நிலை, அதாவது நோய் பரவிவிட்ட நிலை. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. அன்றே கீமோதெரபி தொடங்கிவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். அவரோ, பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். அந்தப் பதினாறு நாட்கள்தான் எல்லாவற்றிலும் கடினமானவை. நோய் தெரியும், மருந்து இல்லை. அதற்குள், நோய் உடலில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனும் மூளைக்கான எம்.ஆர்.ஐ.யும் முடிந்தன. பெட் ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் பட்டினி. கதிரியக்க மருந்தை ஊசியில் போட்ட பின் தனியறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும். அன்று முழுவதும் கைக்குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். பேரனைத் தூக்கக் கூடாது என்றதுதான் அம்மாவுக்குப் பெரிய வருத்தம்.

பரிசோதனையில், செல்களின் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. அதனால் கீமோதெரபிக்குப் பதிலாக, அந்த மாற்றத்தையே குறிவைக்கும் ஜெஃபிடினிப் என்ற 250 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு ஒன்று. முகத்தில் பரு போன்ற தடிப்புகள் வந்தன, சில நாட்கள் வயிற்றுப்போக்கு இருந்தது. நகக்கண் புண்ணாகி, பூக்கட்டும்போது அம்மா முகம் சுளித்தார். வயிற்றெரிச்சல் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது, அது இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும் என்று மருந்தாளுநர் சொன்னது மிகவும் பயன்பட்டது. இரண்டு மாதங்களில் மூச்சு வாங்குவது நின்றது. மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருந்தது. இது நோயை அடியோடு நீக்கும் மருந்தல்ல, ஒரு கட்டத்தில் நோய் இதற்குப் பணியாமல் போகும் என்பதை மருத்துவர் எங்களிடம் மறைக்கவில்லை.

"நான் ஒரு நாளும் பீடி குடிச்சதில்லையேப்பா, எனக்கு ஏன்?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவரும், ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று கைகாட்ட இயலாது என்றார். ஆனால் சில கேள்விகளைக் கேட்டார். முப்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமையல். எரிவாயு வந்த பிறகும் சிலிண்டர் விலைக்கு அஞ்சி வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். வீட்டுக்குள் அப்பாவின் பீடிப் புகை. பிறர் விடும் புகை, சமையலறைப் புகை, டீசல் புகை, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி ஆகிய அனைத்தும் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டுபவை என்பதை அந்த அறையில்தான் முதன்முறையாகக் கேட்டேன். அப்பா தலை நிமிரவே இல்லை.

அடுத்து மருத்துவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். வயது 64, நாளுக்கு ஒரு கட்டு பீடி, 35 ஆண்டுகள். பீடியில் புகையிலை குறைவுதானே என்று அப்பா சமாதானம் சொல்ல, அது அணையாமல் இருக்க ஆழமாக, அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகும் நச்சு குறைவதில்லை என்றார் மருத்துவர். அறிகுறி ஏதுமில்லாத, ஆனால் நீண்ட காலம் மிகுதியாகப் புகைத்தவர்களுக்கு நோயை முன்கூட்டியே கண்டறியக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் உண்டு, மார்பு எக்ஸ்ரேயுடன் ஒப்பிட்டபோது அது நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 சதவீதம் குறைத்ததாக 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் நம் நாட்டில் பழைய காசநோய்த் தழும்புகள் கட்டிபோலத் தோன்றி வீண் பயமும் வீண் பயாப்ஸியும் உண்டாக்கலாம் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். அம்மாவைப் போல இருமல் இருப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு வேண்டியது முழுமையான நோயறிதல்.

அப்பாவின் ஸ்கேனில் நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்றார்கள். பீடியை விட அவர் பட்ட பாடு தனி. முதல் பத்து நாட்கள் யாரிடமும் பேசவில்லை, இரவில் தூக்கமில்லை. 1800-112-356 என்ற கட்டணமில்லாத உதவி எண்ணை நான்தான் அழைத்துக் கொடுத்தேன். இரண்டாம் அழைப்பிலிருந்து அவரே பேசினார். நடுவில் ஒருமுறை தவறினார், மறுபடி விட்டார். விட்டுப் பத்து ஆண்டுகள் ஆனால், தொடர்ந்து புகைப்பவரைவிட ஆபத்து ஏறக்குறையப் பாதியாகும் என்று சொன்னேன். "அப்ப எனக்கு எழுபத்தஞ்சு ஆயிருக்கும்" என்று சிரித்துவிட்டு, கொல்லையில் அடுக்கியிருந்த விறகைப் பக்கத்துச் செங்கல் சூளைக்காரருக்கு விலை பேசப் போனார்.