கேப்டன் வீட்டுக்குப் போட்ட சாலை

இன்று காலை பஸ் நின்ற இடத்தில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது.

தலையில் சும்மாடு, அதன்மேல் ஜல்லிச் சட்டி. ஒரு கையால் சட்டியைப் பிடித்தபடி, மறுகையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார் அந்த அம்மா.

எனக்கு அஷ்டம் ஓரானின் பெற்றோர் ஞாபகம் வந்தது.

2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து இந்தியாவில் நடந்தபோது நம் அணியின் கேப்டன் அவள். ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துக் கிராமத்துப் பெண். அவளைக் கௌரவிக்க மாவட்ட நிர்வாகம் அவள் வீடுவரை சாலை போட்டது. அந்தச் சாலையிலேயே தினக்கூலிக்கு வேலை செய்தார்கள் அவளுடைய அப்பாவும் அம்மாவும்.

புவனேஸ்வரில் அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0. எட்டு கோல் வாங்கிய அணி என்று இளக்காரமாகப் பேசியவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தொடருக்கு இரண்டே மாதம் இருக்கும்போது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்திருந்தது. போட்டி நடக்குமா என்பதே தெரியாமல் பயிற்சி எடுத்த பிள்ளைகள் அவர்கள்.

அதே தொடரின் இறுதிப் போட்டியில் ஸ்பெயினிடம் தோற்ற கொலம்பியாவின் லிண்டா கைசேதோ, அடுத்த ஆண்டே பெரியவர்களுக்கான உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக கோல் அடித்தாள். திறமை மட்டுமல்ல, ஆட அவளுக்கு அடுத்தடுத்து களம் இருந்தது.

2025 முதல் 17 வயதுக்குட்பட்ட மகளிருக்கான இந்தக் கோப்பை ஆண்டுதோறும் 24 அணிகளுடன் நடக்கிறது. நம் மாவட்டங்களில் ஆண்டு முழுக்கச் சிறுமிகள் ஆடும் லீக் எப்போது வரும்?