மூன்றாவது பலகையும் சாம்பல்: கிராண்ட் ஜாட் புல்தரை

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின், புள்ளிகளுக்குப் பேர்போன 'கிராண்ட் ஜாட்' ஓவியத்தில் (1884–86, சிகாகோவில் இருப்பது) முன்பக்க நிழல் புல்லை 15 செ.மீ. சதுரத்தில் அக்ரிலிக்கில் போட்டதில் மூன்று பலகைகள் வீண்.

வெள்ளைப் பரப்பில் அல்ட்ராமரைன் நீலப் புள்ளியும் ஹன்சா மஞ்சள் புள்ளியும் பாதிக்குப் பாதி. கிட்டத்தில் பளிச், தள்ளி நின்றால் அழுக்குச் சாம்பல். தட்டில் குழைத்தால் இரண்டு சாயமும் விழுங்கியது போக மிஞ்சுவது பச்சை ஒளி. கண்ணில் கலந்தால் கிடைப்பது இரண்டின் சராசரி மட்டுமே. இந்த இரண்டும் எதிர்நிறங்கள் (ஒளியில் ஒன்றையொன்று ஈடுகட்டுபவை), ஆகவே சாம்பல். சூரா படித்த நிறவியல் நூலில் அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூட் 1879லேயே இந்த வித்தியாசத்தை விளக்கியாயிற்று. ஆனாலும் 'நீலப் புள்ளி + மஞ்சள் புள்ளி = பச்சை' என்ற கதை சாகமாட்டேன் என்கிறது.

சூரா புல்லின் பச்சையைக் குழைத்தேதான் பூசினார், குறுக்கும் நெடுக்குமான தீற்றல்களாக. புள்ளிகள் பிறகு மேலே ஏறியவை. நாலாவது பலகையில் அதே வரிசை: விரிடியன் பச்சையில் அடிப்பூச்சு, காய்ந்தபின் அல்ட்ராமரைன் புள்ளி ஐந்துக்கு ஆரஞ்சு ஒன்று. சாம்பல் ஒழிந்தது. ஆரஞ்சு இரண்டானால் நிழல் செத்துவிடுகிறது.

உயிரை எடுப்பது பெயின்டின் பதம். கெட்டியானால் புள்ளிக்குக் கொம்பு முளைக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தக் கொம்பின் நிழலே நிறத்தைக் கெடுக்கும். நீர்த்தால் படர்ந்து பக்கத்துப் புள்ளியோடு சேறாகிறது. இட்லி மாவுப் பதம் சரி. நுனி தேய்ந்த 2ம் எண் வட்டப் பிரஷ், இருபது புள்ளிக்கு ஒரு துடைப்பு. ஒரு நிறம் முழுக்க முடித்து, காய்ந்தபிறகே அடுத்தது. மாணவர் தர வெள்ளையில் காசைப் போடவேண்டாம். மூடும் திறன் இல்லாமல் அடிப்பச்சை எட்டிப் பார்க்கிறது.

அளவுக்கு ஒரு கணக்கு: 3 மி.மீ. புள்ளி கண்ணுக்கு மறைய ஏறக்குறைய 10 மீட்டர் தள்ளவேண்டும். நாலு மீட்டர் அறைக்கு 1 மி.மீ. தான். போனில் படத்தைச் சுருக்கிச் சரிபார்ப்பதும் ஏமாற்று. பெரும்பாலான செயலிகள் ஒளியைச் சராசரி எடுக்காமல் பிக்சல் எண்களை எடுப்பதால் நிறம் இருண்டு வருகிறது.

வெயில் புல் இன்னும் தொடவில்லை. அச்சுப்படத்தில் அங்கே தெரியும் பழுப்புப் புள்ளிகளை நம்பக்கூடாது: அவை துத்தநாக மஞ்சள், 1892லேயே நிறம் மாறிவிட்டதைக் கலை விமர்சகர் ஃபெனியோன் குறித்திருக்கிறார். அங்கே எலுமிச்சை மஞ்சள்தான். ஓவியத்தைச் சுற்றி ஓரத்தில் வரும் புள்ளிச் சட்டத்துக்கு மட்டும் இப்போதே சிவப்பு, ஆரஞ்சு, நீலம் தனித்தனியே கலந்து டப்பாவில் மூடி வைத்தாயிற்று.