தன் குரல் தனக்கே கேட்க வேண்டும்: எஸ்ஓ-50க்கு ஒரு பயிற்சி செட்

எங்கள் ஊர்ப் புது ஹாம்களுக்காக, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்காக, கட்டிக்கொண்டிருந்த சாட்டிலைட் செட் ஒருவழியாக வேலை செய்கிறது. எஸ்ஓ-50 என்பது நாம் அனுப்புவதை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள்; அது நம் வானத்தைக் கடக்கும் சில நிமிடங்கள்தான் பாஸ். போன வாரம் அப்படி ஒரு பாஸில், அப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய ஒரு மாணவி தன் அடையாளக் குறியான கால்சைனைச் சொல்லச் சொல்ல, அதே குரல் ஹெட்போனில் திரும்பி வந்தது. நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது இதைத்தான்.

பயிற்சிக்கு ரேடியோ தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை வாட் என்றுதான். 5 வாட் ஹேண்டி, அதாவது கையடக்க ரேடியோ, தாராளமாகப் போதும். புதியவருக்குத் தேவை ஃபுல் டூப்ளெக்ஸ், அதாவது அனுப்பிக்கொண்டே கேட்கும் வசதி. பேசும்போதே டவுன்லிங்க் (கோளிலிருந்து இறங்கும் சிக்னல்) காதில் விழவில்லை என்றால், தான் உள்ளே போனோமா, அடுத்தவர் மேல் ஏறிப் பேசுகிறோமா என்பது தெரியாது. ஒரே ஒரு சேனல். இந்தியா முழுக்க ஒரே நேரத்தில் கோளின் பார்வைக்குள் வரும். கேட்காமல் கத்துகிற ஒருவர் பாஸ் முழுவதையும் கெடுத்துவிடலாம்.

ஃபுல் டூப்ளெக்ஸ் தரும் ஒற்றை ரேடியோ என்றால் ஐகாம் ஐசி-9700 அருமையானது. ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும். கென்வுட் டிஎச்-டி72 கையடக்கமாக இதைச் செய்தது. இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. அதனால் என் தேர்வு இரண்டு தனி ஹேண்டிகள். 145.850 மெகாஹெர்ட்ஸில், கோளின் வழியைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோனோடு அனுப்ப ஒன்று; 436.795-இல் கேட்க மட்டும் இன்னொன்று. புதியவர்கள் பெரும்பாலும் யூவி-5ஆர் என்ற மலிவு ஹேண்டி ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறார்கள். அனுப்புவதற்கு அது போதும். கோளின் வேகத்தால் அலைவரிசை நகரும் டாப்ளருக்கு ஈடாக 436.805 முதல் 436.785 வரை 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மெமரி போட்டுக் கொடுத்துவிட்டால், பாஸ் நடக்கும்போது வரிசையாகத் தட்டிக்கொண்டே வரலாம். அனுப்பும் அலைவரிசையான அப்லிங்க்கைத் தொட வேண்டியதில்லை.

சரி, இனி என் நேரத்தையெல்லாம் விழுங்கிய விஷயத்துக்கு வருகிறேன். பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தியதும் பக்கத்து ரிசீவர் செவிடாகிவிடும். வானத்திலிருந்து வருவது கால் வாட் சிக்னல். கை நீளத்தில் 5 வாட் நிற்கிறது. மலிவு ஹேண்டிகளின் முன்பகுதி இதைத் தாங்காது. இஸ்ரோ 2005-இல் அனுப்பிய ஹாம்சாட் என்ற கோளில் இந்தத் தொல்லை குறைவு. அது வேலை செய்த காலத்தில் 435-இல் அனுப்பி 145-இல் கேட்டோம். எஸ்ஓ-50 அப்படியே தலைகீழ்.

ஒரு அலைவரிசையை மட்டும் அடைக்க, கோஆக்ஸ் கேபிளில் கால் அலை நீளத் துண்டு (ஸ்டப்) வெட்டிப் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அது உதவாது. 145-க்கு வெட்டிய திறந்த ஸ்டப், மூன்று மடங்கான 437 பக்கத்திலும் ஷார்ட்டாகத்தான் தெரியும். எதைக் கேட்க வேண்டுமோ அதையும் சேர்த்தே விழுங்கிவிடும். அதனால் ரிசீவர் பக்கம், தாழ்ந்த அலைவரிசையைத் தடுத்து உயர்ந்ததை விடும் ஹைபாஸ் ஃபில்டர் கட்டினேன். வரிசையில் 18, 5.6, 18 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர்கள். நடுவில் தரைக்கு இறங்கும் இரண்டு காயில்கள், ஒவ்வொன்றும் சுமார் 16 நானோஹென்றி. 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் மேல் எனாமல் கம்பியை 2 சுற்றுச் சுற்றி, 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் அந்த மதிப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். கணக்குப்படி 145-இல் 30 டெசிபல் வெட்டும். 437 கிட்டத்தட்ட அப்படியே உள்ளே வரும்.

காயில்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்த வேண்டும். ஒரே திசையில் நிற்கவிட்டால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஃபில்டரின் வளைவைக் காட்டும் நானோவிஎன்ஏ கருவியின் திரையில், வெட்டின் ஆழம் குறைந்து மேலேறி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். சுற்றை நகத்தால் கொஞ்சம் நெருக்கினால்கூட வளைவு நகர்கிறது. கெப்பாசிட்டர் கால்களை ஒட்ட நறுக்கிவிடுங்கள். இந்த அலைவரிசையில் நீண்ட காலும் ஒரு காயில்தான்.

ஆண்டெனா, ஒரே ரீப்பர் கட்டையில் 145-க்கு 3 எலிமென்ட், 437-க்கு 7 எலிமென்ட் யாகி (குறுக்குக் கம்பிகள் கொண்ட திசை ஆண்டெனா), ஒன்றுக்கொன்று குறுக்காக. குறுக்காக வைப்பதாலேயே இரண்டுக்கும் இடையிலான கசிவு நன்றாகக் குறைகிறது. பிவிசி குழாய் வெயிலில் வளைந்துவிடும், மரமே மேல். எலிமென்ட்டுக்கு அலுமினிய வெல்டிங் கம்பி நல்ல பொருள். 1 மீட்டர் நீளத்தில் வருகிறது. 145-இன் ரிஃப்ளெக்டர் மட்டும் 1 மீட்டரைத் தாண்டும், அதற்கு வேறு கம்பி தேட வேண்டும். கனெக்டர்களுக்கு சென்னை ரிச்சி தெரு போனால் எதுவும் கிடைக்கும். ஆனால் ஒரு கடையில் வாங்கிய எஸ்எம்ஏ கனெக்டர் கூட்டத்தில் நடு முள் உள்ளே தள்ளிப்போயிருந்தது. கடையிலேயே ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்து வாங்குங்கள்.

பழகுபவருக்கு நான் முதலில் கொடுப்பது மைக் அல்ல, ஆண்டெனா. முதல் பாஸ் முழுக்கக் கேட்க மட்டும். சத்தம் மங்கும்போது மணிக்கட்டைத் திருப்பினால் சிக்னல் எழுந்து வருவதை அவரே கண்டுபிடிக்கட்டும். லைசென்ஸ் வராதவர்களும் இந்தக் கட்டம் வரை கூடவே நிற்கலாம்.

செட் இன்னும் முழுமையாகவில்லை. விண்வெளி நிலைய ரிப்பீட்டருக்கு 145.990-இல் அனுப்பினால் அதன் மூன்று மடங்கில் எழும் மூன்றாம் ஹார்மோனிக் 437.970, கேட்பது 437.800. எஸ்ஓ-50-இல் இந்த இடைவெளி நாலு மடங்குக்கும் மேல். ஹார்மோனிக்கை ரிசீவர் பக்க ஃபில்டரால் தடுக்க முடியாது, அனுப்பும் பக்கத்தில் உயர்ந்த அலைவரிசையைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டர் வேண்டும். போர்டு வெட்டி வைத்திருக்கிறேன், காயில் சுற்றவில்லை.

அதற்குள் கை வேறு பக்கம் போய்விட்டது. மாடியில் சும்மா கிடக்கும் டிடிஎச் டிஷ்ஷை மேற்கே கிட்டத்தட்ட 29 பாகை உயரத்தில் திருப்பினால் கியூஓ-100 என்ற ஹாம் கோள் கிடைக்கும். 9750 ஆசிலேட்டர் உள்ள எல்என்பி (டிஷ்ஷின் முனையில் உள்ள ரிசீவர் தலை) இருந்தால் 10489 மெகாஹெர்ட்ஸ், 739-க்கு இறங்கி கணினியில் செருகும் மலிவு ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆரில் விழும். அது புவிநிலைக் கோள், பாஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர்கள் மணிக்கணக்கில் எஸ்எஸ்பி என்ற குரல் முறையைக் கேட்டுப் பழகலாம். டிஷ் கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் விட்டுக் கழற்றப் போகிறேன்.